அரம் போட்ட விளிம்பு

பெரியப்பா தூக்கிலிடப்பட்டார், சித்தப்பா ஆயுள் தண்டனை பெற்றார். இருவரும் உடன்பிறந்தவர்கள். ஒரே மாலையில், ஒரே இடத்தில், ஒரே மனிதரை இருவருமாக அடித்துக் கொன்றார்கள். உடம்பில் இருந்த காயங்கள் இரண்டு; ஆளுக்கு ஒன்று. இரண்டில் எது உயிரைப் போக்கியது என்று தம்மால் சொல்ல இயலாது என்றும், தனித்தனியே எடுத்தாலும் ஒவ்வொன்றும் போதுமானதுதான் என்றும் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் இரண்டு வழக்குகளிலும் ஒரே சொற்களில் சாட்சி சொன்னார். இறந்தவர் எங்கள் பட்டறைக்கு அடுத்த இடத்தில் மரக்கடை நடத்தியவர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உடையவர். அடிபட்டபோது அவர் கையில் எதுவும் இல்லை.

இவ்வளவும் எங்கள் குடும்பத்தில் எவரும் மறுக்காதவை. இனி எழுதப்போவதில் மறுப்புக்கு இடமுள்ளவை உண்டு. ஆகவே யார் சொல்லக் கேட்டது என்பதையும் அங்கங்கே குறித்திருக்கிறேன். எழுத எடுத்துக்கொண்டது கொன்றவர்களைப் பற்றியும் அல்ல, தீர்ப்பளித்தவர்களைப் பற்றியும் அல்ல. பெரியப்பாவின் மனைவியான என் பெரியம்மாவைப் பற்றி. அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி இன்னொரு பெண்ணைப் பார்த்து வயிறெரிந்ததில் கழிந்தது. அதை மறைத்து எழுதினால் அவரை எழுதியதாகாது.

அந்த இன்னொரு பெண் சித்தப்பாவின் மனைவி, என் சித்தி. இருவரும் ஓரகத்திகள். நடுவில் இன்னொரு ஓரகத்தியும் உண்டு. அது என் அம்மா. நடுச் சகோதரரான என் அப்பா பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்ததால் பட்டறையில் எங்களுக்குப் பங்கு கிடையாது. பஞ்சாயத்துக்கு மட்டும் என் அம்மாவைத் தவறாமல் கூப்பிடுவார்கள்.

பட்டறையில் செய்தது இரும்பு பீரோ. தகட்டை வெட்டுவதும் மடிப்பதும் பற்றவைப்பதும் அண்ணன் தம்பி வேலை. பற்றவைத்த இடங்களில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குவது சித்தி. அதற்குமேல் பெயிண்ட் அடிப்பது பெரியம்மா. அடிப்பதற்கு முன் பீரோவை ஒருமுறை சுற்றிவந்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லா விளிம்புகளிலும் விரலை ஓட்டிப் பார்ப்பார். எங்கேயாவது விரல் தடுக்கினால் அந்தக் கதவு திரும்பிப் போகும். வெட்டிய விளிம்பு எதுவும் அரம் போடாமல் அந்தப் பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது. வாங்குகிறவர் வீட்டுக் குழந்தை கையைக் கிழித்துக்கொண்டால் பட்டறையின் பெயர் போய்விடும். அது பெரியப்பா போட்ட சட்டம். அதைக் காத்தவர் பெரியம்மா. தெருவில் அவருக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வந்தது அதனால்தான்.

கொலைக்கு முன்பும் பொறாமை இருந்தது. ஆனால் அது சில்லறைப் பொறாமை. சித்தி சிரித்தால் பட்டறையில் எல்லோரும் சிரிப்பார்கள். பெரியம்மா சிரித்தால் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். பீரோ வாங்க வருகிறவர்கள் விலையைப் பெரியம்மாவிடம் கேட்டுவிட்டு, பேச்சைச் சித்தியிடம் வைத்துக்கொள்வார்கள். இதற்கெல்லாம் ஈடாகப் பெரியம்மாவிடம் இருந்தது அவருடைய கணவர். பெரியப்பா ஏணி இல்லாமல் கூரை ஏறி இறங்குகிறவர். சித்தப்பா சமதரையில் தடுக்குகிறவர்.

“என் வீட்டுக்காரரு பூனை மாதிரி. எங்க குதிச்சாலும் காலை ஊனி நிப்பாரு. உன் வீட்டுக்காரருக்குத் தரையைப் பாத்தாலே மயக்கம்” என்பாராம் பெரியம்மா.

“ஆமா பெரியக்கா. எங்காளு விழுந்தா தூக்கிவிட நான் இருக்கேன். உங்காளு விழறதே இல்ல, உங்களுக்கு அந்த வேலை மிச்சம்” என்பாராம் சித்தி.

இதைச் சொல்லும்போது என் அம்மா இரண்டு குரலிலும் பேசிக் காட்டுவார்.

மரக்கடைக்காரருடைய புகார் நியாயமானது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். காற்றில் பறந்த சாம்பல்நிறப் பெயிண்ட் அவருடைய பலகைகளில் படிந்தது. சாம்பல் பூத்த பலகையை யாரும் வாங்கவில்லை. முதலில் சொல்லிப் பார்த்தார், பிறகு சத்தம் போட்டார், பிறகு நகராட்சிக்கு எழுதினார். பட்டறையைப் பூட்டி முத்திரை வைக்க ஆள் வரப்போவதாகச் செய்தி வந்த அன்று பிற்பகல், சித்தப்பா ஒரு நீளமான இரும்புக் குழாயை எடுத்து ரம்பத்தால் இரண்டாக வெட்டினார். வெட்டிய விளிம்புகளுக்கு அரம் போட்டார். போடச் சொன்னவர் யாருமில்லை. அவரும் யோசித்துச் செய்யவில்லை. அந்தப் பட்டறையில் எதை வெட்டினாலும் கை அடுத்து அரத்துக்குப் போகும், அன்றும் போயிற்று. ஒரு துண்டை அண்ணனிடம் கொடுத்தார். மனைவியர் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். “எதுக்கு அது?” என்று கேட்டவர் சித்தி. “சும்மா மிரட்ட” என்றவர் பெரியப்பா. மிரட்டுவதற்கு வாய் போதாதா என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இருவருமே பின்னாளில் என்னிடம் ஒப்புக்கொண்டார்கள். தனித்தனியாக, மற்றவர்தான் கேட்டிருக்க வேண்டும் என்ற முடிவோடு.

அடித்துவிட்டு இருவரும் மரக்கடையின் பின்சுவர் ஏறிக் குதித்தார்கள். பெரியப்பா காலை ஊன்றி நின்றார், ஓடினார், மறுநாள் எங்கள் வீட்டில் பிடிபட்டார். சித்தப்பா விழுந்து தொடையெலும்பு முறிந்து சுவரடியிலேயே கிடந்தார். உள்ளே கம்பி வைத்தார்கள், புண் சீழ்ப்பிடித்தது, மாதக்கணக்கில் மருத்துவமனை. நீதிமன்றத்துக்குத் தூக்கிவர முடியாத நிலையில் அவருடைய வழக்கைத் தனியே பிரித்து ஒத்திவைத்துவிட்டு, பெரியப்பாவின் வழக்கை மட்டும் நடத்தினார்கள். ஒரு கொலைக்கு இரண்டு நீதிபதிகள் அமைந்தது இப்படித்தான்.

முதல் வழக்கு நடந்தபோது ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கடைகளை அடைத்து ஊர்வலம் போனார்கள். அந்தத் தீர்ப்பை நான் முழுவதும் படித்திருக்கிறேன்; பெரியப்பாவை ‘முதல் எதிரி’ என்று குறிக்கும் அது சொல்வது இது: திடீர்க் கோபத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து அடிக்கிறவன் அதன் விளிம்பை அரத்தால் மழுக்கிக்கொண்டிருக்க மாட்டான்; தன் கை கிழியாமல் பிறர் தலையைப் பிளக்க எண்ணியவனே அப்படிச் செய்வான்; பட்டறை முதல் எதிரிக்குச் சொந்தம், கருவியும் அவனுடையது; ஆகவே இது நிதானமாகத் திட்டமிட்ட கொலை, திட்டம் அவனுடையது. பெரியப்பாவின் வக்கீல் அரத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. குழாயை வெட்டியது யார் என்று கேட்டபோது பெரியப்பா, “ஞாபகம் இல்லை” என்றார். தம்பி அப்போது மருத்துவமனையில் கிடந்தார்.

அடுத்த ஆண்டு, ஊர் ஆறிப்போன பிறகு, வேறொரு நீதிபதி முன் சித்தப்பாவின் வழக்கு வந்தது. சித்தி தம் வக்கீலிடம் ஒரு யோசனை சொன்னார். அதன்படி பட்டறையில் செய்த பீரோ ஒன்றை நீதிமன்றத்துக்குள் தூக்கிவந்து நிறுத்தினார்கள். நீதிபதி இருக்கையை விட்டு இறங்கிவந்து அடித்தட்டின் மறைவான விளிம்பில்கூட விரலை ஓட்டிப் பார்த்தாராம். எங்கும் தடுக்கவில்லை. அரம் போடுவது இவர்களுடைய கைப்பழக்கம், அதைச் சதியின் அடையாளமாகக் கொள்வதற்கில்லை என்று எழுதி ஆயுள் தண்டனை கொடுத்தார். அந்தப் பீரோவைக் காட்டிப் பெரியப்பாவுக்கு மேல்முறையீடு செய்தபோது, அது இன்னொரு வழக்கின் சான்று, இந்த வழக்கின் சான்று அல்ல என்று தள்ளிவிட்டார்கள்.

பெரியம்மாவின் பெரிய பொறாமை தொடங்கியது இரண்டாம் தீர்ப்பு வந்த அன்று, நீதிமன்றத் தாழ்வாரத்தில். அருகில் இருந்தவர் என் அம்மா.

“ஆயுள்தானாம். நல்லதுதானே அக்கா, ஒருத்தராவது...”

“பீரோவைக் கொண்டாந்து நிறுத்தினது யாரு யோசனை?”

“சின்னவ சொன்னாளாம் வக்கீல்கிட்ட.”

பெரியம்மா தம் விரல்களைப் பார்த்தார். “தினம் தினம் விளிம்பைத் தடவிப் பாத்தவ நான். எனக்குத் தோணல. உப்புத்தாள் தேய்க்கிறவளுக்குத் தோணியிருக்கு.” பிறகு குரல் மாறியது. “அவ புருஷன்னதும் தோணுச்சு பாத்தியா? என் புருஷன் கூண்டுல நின்னப்ப அவ புத்தி எங்க மேயப் போயிருந்துச்சு?”

“யோசனைக்கெல்லாம் நேரம் குறிச்சா வரும்? அப்ப அவ புருஷனோட ஆஸ்பத்திரியில கிடந்தாக்கா.”

“அதான் சொல்றேன். கால் ஒடிஞ்சவனுக்கு எல்லாம் வருது. இவரு இத்தனை வருஷம் விழாத மனுஷன். அன்னைக்கு ஒரு நாள் விழுந்து தொலைச்சிருக்கக் கூடாதா?”

கணவரைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை அவரே சபித்தது அப்போதுதான் என்று அம்மா சொன்னார்.

அதற்குப் பின்னும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், ஒரே பட்டறையைத்தான் நடத்தினார்கள், வேறு வழியில்லை. வீட்டின் கூடத்தை மிஞ்சிப்போன பீரோத் தகட்டால் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். பற்றவைக்க ஒரு கூலியாளை அமர்த்திக்கொண்டு மற்ற வேலைகளைத் தாங்களே செய்தார்கள். தகடு மடிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடியை அழுத்தாவிட்டால் தகடு முறுக்கிக்கொள்ளும். பேசிக்கொள்ளாமலே அழுத்தினார்கள். ஒரு தகடுகூட முறுக்கியதில்லை என்று அந்தக் கூலியாள் இன்றும் வியந்து சொல்வார்.

சித்திக்கு எதிர்காலம் என்று ஒன்று இருந்தது. ஒழுங்காக நடந்துகொள்ளும் ஆயுள் கைதிகளைப் பதினான்கு ஆண்டு முடிந்ததும் விடுவிப்பது அங்கே வழக்கம். சித்தப்பா வந்தால் துணி வைக்கவென்று சித்தி ஓய்ந்த நேரத்தில் தனியாக ஒரு பீரோ செய்தார். பெயிண்ட் அடிக்க அதுவும் பெரியம்மாவிடம்தான் வந்தது. பெரியம்மா அடித்துக் கொடுத்தார்; பளபளவென்றுதான் இருந்தது. ஓர் ஆண்டு முடிவதற்குள் ஒரு பக்கம் முழுக்கப் பொருக்குப் பொருக்காக உரிந்தது. அடியில் பிரைமர் அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கையிலிருந்து அப்படி ஒரு வேலை வெளிவந்தது அந்த ஒருமுறைதான். சித்தி உரிந்த பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டார்.

சித்தியின் பக்கத்திலும் எரிச்சல் இருந்தது என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். தூக்குக் கைதி என்பதால் பெரியப்பாவை வாரம் ஒருமுறை, தனி அறையில், மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பார்க்கலாம். சித்தப்பாவை மாதம் ஒருமுறை, இரட்டை வலைக்கு இப்பால் நின்று, கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தித்தான் பேச முடியும். “அவங்க கையைப் பிடிச்சுப் பேசிட்டு வராங்க. நான் எங்காளு கையைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு? போறவருக்குத்தான் மரியாதை எல்லாம். இருக்கறவரை யாரு கேக்கறா?” என்று என் அம்மாவிடம் குமுறியிருக்கிறார்.

எல்லா நீதிமன்றங்களும் கைவிட்ட பிறகு ஒரு வக்கீலம்மா தாமாக முன்வந்தார். மிச்சம் இருந்தது நாட்டின் தலைவருக்குக் கருணை மனு. “ஒரே குற்றத்துக்கு ரெண்டு தண்டனைங்கறதுதான் நம்ம வாதம். ஆனா குழாயைத் தயார் பண்ணினது உங்க வீட்டுக்காரர்னு முதல் தீர்ப்பு சொல்லுது. அது அவர் இல்ல, நான்தான்னு தம்பி எழுதிக் கொடுத்தா அந்தத் தீர்ப்போட அஸ்திவாரமே ஆடிடும்” என்றார். அவருடைய வழக்கு முடிந்துவிட்டதால், அப்படி எழுதிக் கொடுத்தாலும் சித்தப்பாவைத் தூக்கில் போட முடியாது. ஆனால் பதினான்கில் வெளியே வருவது தள்ளிப்போகலாம். அதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

மனுவை எதிர்ப்பாரா என்று கேட்க வக்கீலம்மா மரக்கடைக்காரர் மனைவியையும் போய்ப் பார்த்தார். கணவருக்குப் பின் கடையை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். பலகையை அளந்துகொண்டே அவர் சொன்ன பதிலை வக்கீலம்மா என்னிடம் அப்படியே ஒப்பித்தார்: “ரெண்டு பேரும் சேந்துதான் அடிச்சாங்க. ஒருத்தனுக்குக் கயிறு, ஒருத்தனுக்கு உயிருன்னா என் புருஷனைப் பாதிதான் கொன்னாங்களா? போட்டா ரெண்டு பேரையும் போடுங்க, விட்டா ரெண்டு பேரையும் விடுங்க. நான் எதிர்க்கவும் மாட்டேன், ஆதரிக்கவும் மாட்டேன். பக்கத்து வீட்டு ரெண்டு பொம்பளைங்களும் ஜெயிலுக்குப் போற பஸ்ஸைப் பாத்துட்டுதான் தினம் கடையைத் திறக்கறேன். எனக்கு எந்த பஸ்ஸும்மா?”

இப்போது பெரியப்பாவின் உயிர் சித்தப்பாவின் ஒரு கையெழுத்தில் நின்றது. அந்தக் கையெழுத்தைச் சித்தி நினைத்தால் வாங்கித் தரலாம். அதைப் பெரியம்மா அவரிடம் கேட்க வேண்டும். பெரியம்மா கேட்கவில்லை, என் அம்மாவை அனுப்பினார்.

அம்மா சித்தியின் பக்கம் போய் உட்கார்ந்தார். தகட்டுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா சமைத்துக்கொண்டிருந்தார்.

“சின்னவளே, ஒரு விஷயமா...”

“தெரியும்க்கா. வக்கீலம்மா என்கிட்டயும் பேசினாங்க.”

“என்ன முடிவு பண்ணியிருக்க?”

“முடிவு இருக்கட்டும். பெரியக்கா வாயால ஒரு தடவை கேக்கணும். அவ்வளவுதான்.”

தகட்டுக்கு அப்பால் ஒரு பாத்திரம் ணங்கென்று வைக்கப்பட்டது.

“கேட்டுட்டுதான் இருக்காங்க பாருங்க. காது இந்தப் பக்கம் வந்துடுச்சு. வாய்தான் வரமாட்டேங்குது” என்றார் சித்தி.

“ஏண்டி, குழாயை வெட்டினது யாருன்னு அவகிட்ட கேளு!” என்று அப்பாலிருந்து குரல் வந்தது. “அரம் போட்டது யாருன்னு கேளு!”

“எங்காளுதான்னு சொல்லுங்கக்கா.”

“உள்ளதைச் சொல்றதுக்கு நான் எதுக்குக் கெஞ்சணும்னு கேளு!”

“கெஞ்ச வேண்டாம், கேட்டா போதும்னு சொல்லுங்கக்கா.”

அம்மா எழுந்துவிட்டார். “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் டெலிபோனா? நடுவுல இருக்கறது ஒரு தகடு. ரெண்டு பேருக்கும் தொண்டையும் நல்லாத்தான் இருக்கு.”

வாசல் வரை வந்த சித்தி குரலைத் தாழ்த்திச் சொன்னார். “உங்களுக்குப் புரியாதுக்கா. அவங்க வீட்டு சாமானை நான் திருடி வச்சிருக்கற மாதிரியே இத்தனை வருஷமாப் பாக்கறாங்க. எங்காளு உயிரோட இருக்கறதே அவங்ககிட்ட இருந்து எடுத்ததாம். சரி, எடுத்ததாவே இருக்கட்டும். திருப்பிக் கேக்கறவங்க கையையாவது நீட்டணும்ல?”

அந்த மாதம் சித்தப்பாவைப் பார்க்கும் நாள் வந்தது. ஒரு கைதிக்கு மாதத்தில் ஒரு பார்வைதான். வீட்டில் யார் முதலில் வந்து டோக்கன் வாங்குகிறார்களோ அவர்களுக்கு. பெரியம்மா முதல் பேருந்தைப் பிடித்துப் போனார். சிறை வாசலில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் ‘அண்ணி’ என்று உறவைச் சொல்லி, சித்தியின் டோக்கனை வாங்கிக்கொண்டார்.

வலைக்கு அப்பால் வந்து நின்ற சித்தப்பா திடுக்கிட்டார். “என்ன அண்ணி? அவ எங்க? உடம்புக்கு ஏதாவது...”

“நல்லாத்தான் இருக்கா, அவளுக்கென்ன. நான்தான் வந்தேன்.” இருபுறமும் ஆட்கள் கத்திக்கொண்டிருந்ததால் அவரும் கத்த வேண்டியிருந்தது. “குழாயை வெட்டினது நீதான்னு எழுதிக் கொடு. உங்கண்ணன் உயிரு அதுல இருக்கு.”

சித்தப்பா வலையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணனுக்காக நான் எதை வேணும்னாலும் எழுதுவேன் அண்ணி. ஆனா வெளிய நான் வாழப் போற வருஷம் எனக்கு மட்டும் சொந்தமில்ல. அதுல அவளோடதும் இருக்கு. அவ சொல்லட்டும், அடுத்த நிமிஷம் எழுதறேன்.”

பெரியம்மா வெளியே வந்தபோது சித்தி ஜன்னலருகே நின்றிருந்தார். “இந்த மாசப் பார்வை முடிஞ்சிருச்சும்மா. உங்க வீட்டுல இருந்தே ஒருத்தங்க பாத்துட்டாங்க” என்று காவலர் விளக்கிக்கொண்டிருந்தார். சித்தி திரும்பிப் பார்த்தார்.

“என் மாசத்தையும் எடுத்துட்டீங்களா பெரியக்கா?”

“உன்கிட்ட கேக்கறதுக்கு உன் புருஷன்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“உன்னைக் கேக்கச் சொன்னான்.”

சித்தி சிரித்துவிட்டார். “எத்தனை பஸ் மாறினாலும் என்கிட்டதான் வந்து இறங்கணும் போல.” பிறகு சொன்னார்: “இன்னைக்கு நான் எதுக்கு வந்தேன்னு தெரியுமா? எழுதிக் கொடுத்துடுங்கன்னு சொல்லத்தான். நீங்க கேக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு. சரி போ, கேக்காட்டிப் போகுதுன்னு கிளம்பி வந்தேன். அந்த டோக்கனைத்தான் நீங்க கையில வச்சிருக்கீங்க.”

தம் கணவர் பிழைக்க வழி திறந்த அந்தக் கணத்தில் என்ன தோன்றியது என்று பிற்காலத்தில் பெரியம்மாவிடம் கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னார்: “சந்தோஷம் வரல. இதுலயும் முந்திட்டாளேன்னுதான் வந்துச்சு.”

அதற்குப் பின் அங்கே நடந்ததில் இருவர் கூற்றும் ஒத்துப்போகவில்லை. “நான் கேட்டேன். வாயைத் திறந்து கேட்டேன். அழல” என்றார் பெரியம்மா. “அவங்க கேக்கல. அழுதாங்க. அதையே கேட்டதா எடுத்துக்கிட்டேன்” என்கிறார் சித்தி. இரண்டையும் எழுதிவைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த மாதப் பார்வையில் சித்தி சொன்னார். சித்தப்பா எழுதிக் கொடுத்தார். செய்தி தெரிந்ததும் பெரியப்பா மேசைக்கு அப்பாலிருந்து மனைவியைக் கடிந்துகொண்டார். “அவன் பேரை நான் எத்தனை வருஷமாக் காப்பாத்திட்டு வரேன். ரெண்டு பொம்பளைங்களும் சேந்து அவுத்து விட்டுட்டீங்களே” என்றாராம். பெரியம்மாவுக்கு இதில் சுட்டது அந்தச் ‘சேந்து’ என்ற சொல்தான்.

மனு ஓராண்டுக்கு மேல் கிடந்தது. பிறகு, கவனமாகப் பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. காரணம் எழுதும் கடமை அந்த அலுவலகத்துக்கு இல்லை. சித்தப்பாவின் வாக்குமூலத்தை யாராவது படித்தார்களா என்பதை அறிய வக்கீலம்மா எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. பெரியப்பா தூக்கிலிடப்பட்டார். உடலை வாங்கிக்கொள்ள என் அப்பாவும் பெரியம்மாவும் போனார்கள். சித்தி போக விரும்பினார். பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வாக்குமூலம் பெரியப்பாவுக்கு உதவவில்லை. சித்தப்பாவுக்கு எதிராக மட்டும் வேலை செய்தது. பதினான்கு ஆண்டு முடிந்து விடுதலைக்கு விண்ணப்பித்தபோது, ஆயுதத்தைத் தயாரித்தவர் தாமே என்று ஒப்புக்கொண்டவர் எனக் காட்டி மறுத்தார்கள். மீண்டும் விண்ணப்பித்தார், மீண்டும் மறுத்தார்கள்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு இழைக்கப்பட்டதும் அநீதிதான். ஆனால் அதைத் திருத்த ஒரு குழு அவ்வப்போது கூடியது. இன்று தவறினால் அடுத்த கூட்டத்தில் திருத்தலாம் என்ற இடம் இருந்தது. பெரியப்பாவுக்காகக் கூடி உட்கார எந்தக் குழுவுக்கும் வேலை இருக்கவில்லை. இருவரும் முதல் நீதிபதி முன் நின்றிருந்தால் இருவரும் போயிருப்பார்கள். இரண்டாமவர் முன் நின்றிருந்தால் இருவரும் இருந்திருப்பார்கள். ஒரு மனிதர் இருப்பதும் போவதும் ஒரு சுவரின் உயரத்தையும் ஒரு தொடையெலும்பின் உறுதியையும் பொறுத்தது என்றால், அதற்குத் தண்டனை என்ற பெயர் பொருந்துமா என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. அவர்கள் செய்த கொலையைக் குறைத்துச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

கணவர் போன பிறகு பெரியம்மாவின் பொறாமை தணிந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். அது இடம் மாறியது, அவ்வளவுதான். சித்தி செய்தது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொன்னார்கள். பெரியம்மா என் அம்மாவிடம் வெடித்தார்: “போனது என் புருஷன் உயிரு. பேரு யாருக்கு? அவளுக்கு. குடுத்தவ அவ, வாங்கினவ நான். வாங்கினதும் கையில நிக்கல. என் வீட்டு இழவுலகூட அவதான் ஒசத்தி!”

“அவ என்ன பேருக்கா அலைஞ்சா?”

“அலையாமலே கிடைக்குதே, அதைத்தான் சொல்றேன்.”

சித்தப்பாவின் முதல் விண்ணப்பம் தள்ளுபடியான நாளைப் பற்றிப் பெரியம்மாவே என்னிடம் சொன்னார். “உள்ளதைச் சொல்றேன், எழுதிக்கோ. அன்னைக்கு எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிக்கறோம்னு.”

“ரெண்டாவது தடவை?”

“ரெண்டாவது தடவை நான்தான் அவளைக் கூட்டிட்டுப் போனேன். குழு முன்னாடி அரத்தைப் பத்தி நானே சொன்னேன். அந்தப் பட்டறையில யாரும் சும்மா ஒரு கம்பியை வெட்டினாக்கூட அரம் போடுவாங்கன்னு. அதை என்னைவிட நல்லாச் சொல்ல யாருக்குத் தெரியும்?” கடைசிச் சொற்களில் ஒரு மிடுக்கு இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நீதிமன்றத்தில் சொல்லியிருக்க வேண்டிய சொற்கள் அவை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

மூன்றாவது விண்ணப்பத்தில் சித்தப்பா வெளியே வந்தார். அவர் வந்த அன்று பெரியம்மா தம் பக்கத்துக் கதவைத் திறந்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டார். “சாப்பிட்டேன் அண்ணி” என்றார் அவர். அண்ணனைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பின் தகட்டுக்கு அந்தப் பக்கம் மீண்டும் ஆண் குரல் கேட்கத் தொடங்கியது. சித்தியும் சித்தப்பாவும் சிரித்துப் பேசினால் பெரியம்மா பொறுத்துக்கொண்டார். அவர்கள் சண்டை போடத் தொடங்கினால், துண்டை எங்கே வைத்தாய், விளக்கை ஏன் அணைக்கவில்லை என்று எதற்காகவாவது கத்திக்கொண்டால், எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். பெயிண்ட் அடிக்க ஒன்றும் இல்லாத நாளிலும் போவார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

“சண்டை போட ஆள் இருக்கு பாரு அவளுக்கு” என்றார்.

இவர்களில் மூவர் இன்று இல்லை; கடைசியாகப் போனவர் பெரியம்மா. மரக்கடைக்காரர் வாழ்ந்தது நாற்பத்தொரு ஆண்டு. பெரியப்பா நாற்பத்தாறு. சித்தப்பா சிறையில் இருந்தது இருபத்தொன்று. பெரியப்பாவுக்குப் பின் பெரியம்மா இருந்தது இருபத்தொன்பது.